‘படி’ என்றால் எந்தப் படி? எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் கடை கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. பொள்ளாச்சியில் பஸ் ஏறி, கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பாலக்காடு போகும் வழியில் இறங்கிக்கொள்ளலாம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்தவரை இந்தத் தொழிலுக்குச் செராக்ஸ் கடை என்று பேர். இங்கே ‘போட்டோஸ்டாட்’ என்று பலகையை மாற்றி எழுதிய பிறகுதான் ஆள் வந்தது.

நகல் எடுக்கிற கடையில் ஒரு வசதி உண்டு. எல்லாத் துறைக் காகிதமும் கைக்கு வரும். காலையில் நிலப் பத்திரம், பத்து மணிக்குக் கஞ்சிக்கோடு தொழிற்சாலை ஆள் ஒருவரின் சம்பளச் சீட்டு, மதியம் கல்லூரிப் பிள்ளையின் வேதியியல் நோட்டு, கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை முன்பதிவுச் சீட்டு. இத்தனையிலும் தவறாமல் வருகிற ஒரு சொல் ‘படி’. ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆளாக வருகிறது. அதோடு நாம் இருப்பது சித்தூர்த் தாலுகா (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, அது வேறு கதை). ஒரு காலத்தில் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 முதல் கேரளம். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும். ‘படி’யும் அதற்குத் தகுந்தாற்போல் வேஷம் மாற்றும்.

வேலைக்கோ படிக்கவோ கல்யாணமாகியோ புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து தடுமாறுகிற இடங்களை வைத்து இதை எழுதுகிறேன். பொருள்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். அகராதியைத் திறந்தால் தலை சுற்றும். கீழே சொல்கிற வரிசையில் சொல்லைச் சோதித்துப் பாருங்கள், போதும்.

முதலில்: அது பெயரா, வினையா?

இதற்குச் சுலபமான வழி, அதை நேற்று நடந்ததாக மாற்றிச் சொல்லிப் பார்ப்பது. ‘படித்தது’ என்று வந்தால் பாடம், பத்திரிகை, கடிதம். ‘படிந்தது’ என்று வந்தால் ஏதோ ஒன்று இன்னொன்றின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் வரவில்லை என்றால் பெயர். அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

‘படித்தது’ பெரிய தொல்லை தராது. ‘படிந்தது’தான் ஊர் சுற்றுகிற ஆள். தூசி படியும், பனி படியும், குளத்துப் படித்துறையில் பாசி படியும். எண்ணெய் வைத்துச் சீவினால் தலைமுடி படியும். அணையில் வண்டல் படியும். நிலவியல்காரர்கள் அப்படிச் சேர்ந்து இறுகியதைப் படிவுப் பாறை என்கிறார்கள், அதற்குள் அகப்பட்ட பழைய உயிரின் தடயம் புதைபடிவம். சோதனைக்குழாயின் அடியில் தங்கினால் வீழ்படிவு. மாட்டுச் சந்தையில் தரகர் உதட்டைப் பிதுக்கி ‘விலை படியலை’ என்றால், இரண்டு பக்கத்து மனசும் ஒரு தொகையில் வந்து உட்காரவில்லை என்று பொருள். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது இந்தச் சந்தைப் ‘படி’தான். பேரத்தையும் வண்டலையும் ஒரே சொல்லில் கட்டியவன் சந்தையிலும் நின்றிருக்கிறான், ஆற்றங்கரையிலும் நின்றிருக்கிறான்.

இடையில் ஒன்று. கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் போடுகிற படிகாரத்தில் இருக்கும் ‘படி’ இந்தப் படி இல்லை. அது வடமொழி ஸ்படிகத்தின் வழி வந்தது. ஆனால் அது செய்கிற வேலை என்னவோ அழுக்கைப் படிய வைப்பதுதான்.

மலையாளத்திலும் ‘படிக்குக’ என்றுதான் காதில் விழும். எழுத்தில் மட்டும் வித்தியாசம். அவர்களுக்கு டகரத்தில் நான்கு எழுத்து உண்டு. வாசற்படிக்கு ஒன்று, பாடம் படிப்பதற்கு வேறொன்று. நாம் எல்லாவற்றையும் ஒரே ‘ட’வில் சமாளிக்கிறோம். மலையாளம் எழுதிப் பழகுகிறவர்கள் முதல் மாதத்தில் செய்யும் பிழை இதுதான், கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: பெயர் என்றால் ‘எத்தனை?’ என்று கேளுங்கள்

‘எத்தனை படி?’ என்ற கேள்வி பொருந்தினால் அது எண்ணக்கூடிய பொருள். மாடிப்படியாக இருக்கலாம், அளக்கிற படியாக இருக்கலாம், புத்தகத்தின் படியாகவும் இருக்கலாம். எது என்பதை அடுத்து வருகிற சொல் சொல்லிவிடும். ‘மூன்று படி ஏறினான்’, ‘மூன்று படி அரிசி வாங்கினான்’, ‘ஆயிரம் படிகள் அச்சிட்டான்’. அவ்வளவுதான்.

சபரிமலையில் மட்டும் இந்த எண்ணிக்கை கொஞ்சம் விளையாடும். ‘பதினெட்டாம் படி’ என்று கேட்டால் பதினேழை விட்டுவிட்டுக் கடைசி ஒன்றைச் சொல்வதுபோல் இருக்கிறது. பதினெட்டுப் படிகளையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறோம். இருமுடி இல்லாதவர்கள் அதில் ஏற முடியாது. கல்லாக இருந்த படிகளுக்கு 1985-இல் பஞ்சலோகத் தகடு வேய்ந்தார்கள்.

அளக்கிற படிக்கு வருவோம். இளையவர்கள் ‘அதெல்லாம் தாத்தா காலம்’ என்பார்கள். 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, 1960-களின் தொடக்கத்தில் மெட்ரிக் அளவு கட்டாயமானது உண்மைதான். ஆனாலும் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கப் போனால் இன்றைக்கும் படிதான். கிராமத்தில் நிலக்கடலையும் உப்பும் படியில் அளந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்ட பிறகு காசைக் கொடுங்கள்.

முதலில், எந்த ஊர்ப் படி? பட்டணம் படி ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே நிற்கும். ஊருக்கு ஊர் அளவு மாறும். ஒரே சந்தையில் சின்னப் படி, பெரிய படி என்று இரண்டு வைத்திருப்பார்கள். அப்புறம், தலை தட்டியா, குவித்தா? விளிம்போடு வழித்துவிட்டால் ஒரு அளவு, கோபுரமாகக் குவித்தால் இன்னொன்று. பத்து படி வாங்கினால் அந்தக் கோபுரங்களே ஒரு படிக்கு மேல் வந்துவிடும். மூன்றாவதாக, எண்ணுகிறவரின் வாயைக் கவனியுங்கள். பழைய ஆட்கள் முதல் படியை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள், அடுத்தது ‘ரெண்டு’. ஒன்றை விட்டுவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். நான் போயிருக்கிறேன்.

வாய்பாட்டில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அந்த வாய்பாட்டில் படிக்கு இன்னொரு பேர் நாழி. இங்கேதான் எல்லை குறுக்கே வருகிறது. கேரளத்தில் நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. அவர்களுடைய நாழி நம் படியைவிட மிகச் சிறியது. பாலக்காட்டு வீடுகளில் கல்யாணப் பந்தலில் நெல் நிறைத்து வைக்கும் ‘நிறபறை’யைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கைச் சொல்கிற பெரியவர் ‘ஒரு நாழி’ என்றால் மனதுக்குள் ஒரு படி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நான்கு மடங்கு சமைத்துவிட்டு ஊருக்கெல்லாம் பந்தி வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது: ஒட்டிக்கொண்டு வந்தால் ‘ஐ’ சேர்த்துப் பாருங்கள்

‘பயணப்படி’, ‘விதிப்படி’. பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. ஒன்று காசு, இன்னொன்று முறை. பிரித்தறிய வழி இதுதான். கடைசியில் ‘ஐ’ போட்டுப் பாருங்கள். ‘பயணப்படியை வாங்கினேன்’ சரியாக உட்காருகிறது. ‘விதிப்படியை’ என்று ஒன்று தமிழில் கிடையாது. ‘ஐ’ ஏற்றால் காசு, ஏற்காவிட்டால் ‘அதன் பிரகாரம்’ என்று பொருள்.

போன வருஷம் ஒரு மில் தொழிலாளி நகல் எடுக்கக் கொண்டுவந்த துண்டுத்தாளில் ஒரு வரி: ‘ஒப்பந்தப்படி பஞ்சப்படி படிப்படியாக உயர்த்தப்படும்.’ பக்கத்தில் நின்ற வடநாட்டுப் பையன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தவன், அதைப் பார்த்துவிட்டு ‘அண்ணா, மெஷின் ரிப்பேரா?’ என்று கேட்டான். முதல் படி முறை, இரண்டாவது காசு, மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம். கடைசியில் வருவது படியே இல்லை, ‘படு’. அதற்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும், எனக்குத் தெம்பில்லை.

இந்த ‘அதன் பிரகாரம்’ படியை எங்கள் பக்கத்துச் செய்திகளில் அடிக்கடி பார்ப்பீர்கள். ‘ஒப்பந்தப்படி தண்ணீர் திற’ என்று ஒவ்வொரு கோடையிலும் சித்தூர் விவசாயிகள் குரல் கொடுப்பார்கள். அது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். 1970-இல் இரண்டு மாநிலமும் கையெழுத்திட்டது. மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு (புழை என்றால் ஆறு) ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும் என்பது கணக்கு. டீக்கடையில் இந்தப் பேச்சு ஆரம்பித்தால், நீங்கள் புதுசு என்றால், டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருப்பது நல்லது. ஒப்பந்தத்தில் ‘படி’ எங்கே முடிகிறது என்பதில் இரண்டு பக்கமும் இரண்டு கருத்து.

நான்காவது: காசு என்றால், எந்தப் பக்கத்துக் காசு?

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு அகவிலைப்படி, கோவை மில்காரருக்குப் பஞ்சப்படி. இரண்டும் விலைவாசிக்காகக் கொடுப்பது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி, மருத்துவப்படி, எல்லாம் கௌரவமான சொற்கள். எல்லையைத் தாண்டியதும் இந்தப் படி ‘பத்த’ ஆகிவிடும். பஞ்சப்படி க்ஷாமபத்த, பயணப்படி யாத்ராபத்த. டிரைவர்கள் வாங்குகிற பேட்டாவும் இதற்குச் சொந்தக்காரன்தான்.

சரி, படி பத்தவானால் போகட்டும் என்று விட்டுவிடலாம். சிக்கல் ‘மாசப்படி’யில் இருக்கிறது. புதிதாக வந்த ஒரு பையன், கேரளக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் சேர்ந்தவன், எல்லார் காதிலும் விழும்படி மேலாளரிடம் ‘எனக்கு மாசப்படி எவ்வளவு சார்?’ என்று கேட்டுவிட்டான். அவன் நினைத்தது மாதாந்திரச் சலுகைத் தொகை. பழைய மலையாளத்தில் அதற்கும் அதுதான் பொருள். ஆனால் இன்றைய மலையாளப் பத்திரிகையில் மாசப்படி என்றால் மாதம் தவறாமல் உறையில் போட்டுக் கொடுக்கிற லஞ்சம். நம் ஊர் மாமூல். மேலாளர் நல்ல மனுஷர், சிரித்துவிட்டு ‘இவிடெ அதில்ல மோனே’ என்றாராம். எல்லா மேலாளர்களும் சிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது. கேரளத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது ‘படி’யைத் தொடாதீர்கள்.

ஐந்தாவது: பஸ்ஸில் கேட்டால் கேட்டைத் தேடுங்கள்

இதில்தான் நான் முதல் வாரமே ஏமாந்தேன். ஒரு காகித ஏஜென்டைப் பார்க்கத் திருச்சூர்ப் பக்கம் போக வேண்டியிருந்தது. ‘ஸ்கூள்ப்படியில் இறங்கிக்கோங்க’ என்று போனில் சொன்னார். இறங்கினேன். படிக்கட்டைத் தேடினேன். சாலை, ஒரு பேக்கரி, ஒரு மதில், மதிலுக்கு நடுவில் இரும்புக் கேட்டு. படிக்கட்டு எங்குமே இல்லை. கால் மணி நேரம் வெயிலில் நின்று பேக்கரிக்காரரிடம் கேட்டால், அவர் என் காலடியைக் காட்டி ‘இதுதன்னெ’ என்கிறார்.

மலையாளத்தில் படி என்றால் படிக்கட்டும் உண்டு. ஆனால் வீட்டின், வளாகத்தின் நுழைவாயிலும் படிதான். பழைய தறவாட்டு வீடுகளில், அதாவது பரம்பரைக் குடும்ப வீடுகளில், நுழைவில் கூரை போட்டுக் கட்டிய சின்ன மண்டபத்துக்குப் படிப்புர என்று பேர். அந்த வழியில் ஸ்கூள்ப்படி, ஆசுபத்ரிப்படி என்று பஸ் நிறுத்தங்கள் கிளம்பிவிட்டன. கொச்சி மெட்ரோவில் 2017-இல் முதலில் திறந்த பாதையிலேயே கம்பனிப்படி என்று ஒரு நிலையம் இருக்கிறது. அதனால் ‘-ப்படி’யில் முடிகிற ஊரில் இறங்கினால் படிக்கட்டைத் தேடாதீர்கள், அந்தப் பேருக்குரிய கட்டிடத்தின் வாசலைத் தேடுங்கள். அட்டப்பாடியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது ‘பாடி’.

வாசல் என்ற பொருள் பிடிபட்டுவிட்டால் நிறைய மலையாளப் பேச்சு தானாகத் திறந்துகொள்ளும். ‘படியிறங்ஙி’ என்றால் பதவியை விட்டு விலகினார், ஓய்வு பெற்றார். ‘படியடச்சு பிண்டம் வெச்சு’ என்றால் வீட்டை விட்டே ஒதுக்கிவிட்டார்கள். ‘படிக்கல்’ என்று கேட்டால் நமக்குக் கல் ஞாபகம் வரும். அவர்களுக்கு அது ‘வாசலில்’. ‘படிக்கல் கொண்டுபோய் கலம் உடச்சு’ என்று ஒரு பழமொழி, கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் கோட்டை விடும்போதெல்லாம் கேட்கலாம். எங்கிருந்தோ தலையில் சுமந்து வந்த பானையை வீட்டு வாசலில் போட்டு உடைத்த கதை. நாம் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறோம். உடைகிற பாத்திரம் மண்தான், இடம்தான் வேறு.

படிக்கட்டுக்கு அவர்கள் கோணி, கோணிப்படி என்பார்கள். ‘கோணியில் ஏறிப் போங்க’ என்றால் சாக்கைத் தேட வேண்டாம்.

ஆறாவது: பத்திரத்தில் வந்தால்

பத்திரம் என்று நாம் சொல்வது மலையாளத்தில் ஆதாரம். அவர்களுடைய பத்ரம் செய்தித்தாள். இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பழைய தமிழ்ப் பத்திரங்களில் ‘மேற்படி’ இல்லாத வரி அபூர்வம். ஒருமுறை பேர், ஊர், சர்வே எண் எல்லாம் எழுதிய பிறகு, திரும்பத் திரும்ப எழுதாமல் ‘மேற்படி நிலம்’, ‘மேற்படியார்’ என்று போவது. எழுத்தருக்கு அதுகூட நீளம். அதற்கென்றே ௸ என்று ஒரு குறி இருந்தது. ஐம்பது அறுபது வருஷத்துக் காகிதம் வந்தால் என் கடையில் பெரும்பாலும் இந்தக் குறி இருக்கும். நகலில் மசி மங்கி, ஏதோ கறை படிந்திருக்கிறது என்று அழிக்கச் சொன்னவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். எந்த நிலம், எந்த ஆள் என்று தெரிய, ௸ வந்த இடத்திலிருந்து மேலே போய், கடைசியாக முழுப் பேர் எழுதியிருக்கும் இடத்தைப் பிடியுங்கள். மலையாள ஆதாரத்தில் இதே வேலையை ‘மேப்படி’ செய்யும். வயநாட்டில் மேப்பாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆதாரத்தில் வருகிற மேப்படிக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

நகல் என்ற பொருளில் ‘படி’ தமிழ்நாட்டில் செல்லும்: கையெழுத்துப் படி, மூலப்படி. கேரள ஆபீஸில் செல்லாது. அங்கே ‘பகர்ப்பு’ என்று கேளுங்கள். மலையாளம் வரவில்லை என்றால் கூச்சப்பட வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில்தான் வரவேண்டும். மனுவைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு, கவுண்டரில் மட்டும் ‘பகர்ப்பு’ என்று சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும் என்பது என் அனுபவம்.

பிள்ளைகளின் நோட்டில்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்கில் ‘பல்லுறுப்புக் கோவையின் படி காண்க’ என்றால், அதில் இருக்கிற அடுக்குகளில் மிகப் பெரியது எது என்று கேட்கிறார்கள். அது இரண்டாக இருந்தால் இருபடிச் சமன்பாடு. உயிரியலில் படியெடுத்தல் என்றால் டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தியை ஆர்.என்.ஏ.வாக எழுதிக்கொள்வது. என் தொழிலைத்தான் செல்லுக்குள் உட்கார்ந்து செய்கிறது, மின்வெட்டு இல்லாமல்.

இத்தனையும் தெரிந்த பிறகும் தடுமாற்றம் வரும். அப்போது வாயைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், கடையில் கூட்டம். ஒருவர் உள்ளே தலையை நீட்டி ‘அண்ணே, ரெண்டு படி வேணும், சீக்கிரம்’ என்றார். மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு ‘கொடுங்க’ என்று கையை நீட்டினேன். அவர் என் கையில் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். பொரிக்கடை பக்கத்துக் கடை.